கண்டியில் வீடு வாங்குமுன்

கண்டியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ வீடு வாங்க விரும்புவோர், முற்பணம் கொடுக்குமுன் நல்ல நொத்தாரிசு ஒருவரைத் தேடிக்கொள்ளுதல் நலம். இலங்கையில் வாய்ச்சொல்லால் காணி கைமாறுவதில்லை. நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளுடன், உறுதி முடிக்கப்படல் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்த முறை இது.

உறுதி எழுதுவது அவர் பணியில் ஒரு பாதியே. காணிப் பதிவகத்து ஏடுகளைப் பார்த்து, வீடு விற்பவர் கைக்கு வந்த வழியை ஆராய்வதே மறுபாதி. கண்டிப் பகுதியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர், தாம் நன்கொடையாக அளித்த ஆதனத்தைத் தம் வாழ்நாளில், பெற்றவரின் சம்மதமின்றியே மீட்கலாம் என்பது 1938 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. மீட்கும் உரிமையைத் துறப்பதாக உறுதியில் வெளிப்படையாக எழுதியிருத்தல் போன்ற விலக்குகளும் உண்டு. ஆகவே, தந்தை நன்கொடையாகக் கொடுத்த வீட்டை மகன் விற்பாராயின், அந்த ஒரு வாக்கியம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். இல்லையெனில், வாங்கியவர் பணமும் வீடும் இழக்க நேரலாம்.

இந்த நுட்பம் அறிந்த, அவ்வூர்க் காணிகளில் பழகிய நொத்தாரிசையே நாடுங்கள். விற்பவர் அழைத்து வருபவரை மட்டும் நம்பியிராதீர்கள். உறுதி சிங்களத்தில் இருப்பின், பொருளை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள். கைச்சாத்திட்டபின் தாமதமின்றிப் பதிவு செய்வாரா என்றும் கேளுங்கள். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டப்படி, முந்திப் பதிந்த உறுதிக்கே முதலிடம். குறைந்த கட்டணத்தைவிட நிறைந்த ஆராய்ச்சியே உங்களுக்குக் காவல்.