பார்க்கின்சன்: நினைவையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம், நடைத் தளர்ச்சி என்றுதான் பெரும்பாலான வீடுகளில் தெரியும். 1817இல் இந்நோயை விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனும் அறிவுக்குப் பாதிப்பில்லை என்றே எழுதினார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல நினைவும் சிந்தனையும் பலருக்கு மங்குகின்றன. "வயசானா மறதி வர்றதுதானே" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

இந்த மறதியின் போக்கு வேறு. பெயர் வராமல் தவிப்பவர், முதலெழுத்தைச் சொன்னால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். கவனமும் திட்டமிடுதலும்தான் முதலில் தடுமாறும். பல காலம் சமைத்தவர், அடுத்து எதைப் போடுவதென்று அடுப்பு முன் நின்றுவிடுவார். தேதியும் ஊர்ப்பெயரும் கேட்டால் மட்டும் இது பிடிபடாது. 2005இல் வெளியான 'மோகா' சோதனை இதற்குப் பொருத்தமானது, தமிழிலும் உண்டு. கடிகாரம் வரைய வேண்டும், ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும், மொத்தம் 30 மதிப்பெண். 26க்குக் கீழே போனால் மேலும் ஆராய வேண்டும். அதை வைத்தே டிமென்ஷியா (மறதிநோய்) என்று முத்திரை குத்தக் கூடாது.

பள்ளிக்கே போகாத பாட்டியிடம் கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொல்லி மதிப்பெண்ணைக் குறைப்பது பெரிய அநியாயம். படிப்பு குறைந்தவர்களுக்கென்று தனி வடிவம் இருக்கிறது, அதைக் கேளுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் போட்ட பிறகே சோதனை நடக்கட்டும்.

மதிப்பெண் குறைந்தால் முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் கேடு எல்லாம் சரிசெய்யக்கூடியவை. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. டிமென்ஷியா உறுதியானாலும் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து ஓரளவு உதவும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் தொற்று காரணமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று பெற்றால் பல சலுகைகளைக் கோரலாம். சொத்து விஷயத்தில் தாமதம் வேண்டாம். உயில் எழுதத் தெளிந்த மனநிலை வேண்டும். பவர் பத்திரமும், கொடுத்தவர் அந்தத் தெளிவை இழந்தால் பொதுவாகச் செல்லாது. அதேசமயம், குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரின் கையெழுத்து உரிமையைப் பறிக்க உறவினருக்கு அதிகாரம் இல்லை.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, "ஐயா, நினைவையும் ஒருமுறை சோதிச்சுப் பாருங்க" என்று தயங்காமல் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கேளுங்கள்.