வீசமும் சதமும்

பொருளைப் பகுக்கும் முறைகளுள் இரண்டு சிறந்தன. மீண்டும் மீண்டும் இருகூறாக்குதல் ஒன்று. பத்துப் பத்தாகப் பகுத்தல் மற்றொன்று. தமிழ்க் கீழ்வாயிலக்கத்தில் அரை, கால், அரைக்கால், வீசம் எனச் செல்லும் வரிசை முன்னதன்பாற்படும். வீசமாவது பதினாறில் ஒரு கூறு. ரூபாவுக்குப் பதினாறு அணா என்ற பழைய இந்திய நாணயமுறை இவ்வரிசையோடு இயைந்து நின்றது: அரை ரூபா எட்டணா, கால் ரூபா நாலணா, வீசம் ஓரணா.

இலங்கையோ 1872 ஆம் ஆண்டில் ரூபாவுக்கு நூறு சதம் என்னும் பதின்ம முறையை மேற்கொண்டது. அதன் நன்மை வெளிப்படை. சதத்தை ரூபாவாக்க வகுத்தல் வேண்டா. புள்ளியை இரண்டிடம் தள்ளுதலே அமையும். ஆயின், தமிழகத்திலிருந்து டிக்கோயாவுக்கு வந்த தொழிலாளர், ஊரில் அணாவையும் மலையில் சதத்தையும் எண்ண வேண்டியவராயினர். இந்தியா 1957 இல் பதின்ம முறைக்கு மாறும்வரை இவ்விருமையும் நீடித்தது.

இம்மாற்றத்தில் இடர் ஒன்று உண்டு. நூறு இருமுறையே முழுமையாக அரைபடும்: 50, 25. மூன்றாம் முறை 12½. நான்காம் முறை 6¼. 1870 எனப் பொறித்த இலங்கைச் செப்புக் காசுகளுள் அரைச் சதமும் கால் சதமும் இருந்தமையால், வீசத்தையும் குறைவின்றிக் கொடுக்க இயன்றது. இந்தியாவின் புதிய பைசாவுக்குக் கீழே காசில்லை. ஆகவே மாற்று அட்டவணை ஓரணாவுக்கு 6, நாலணாவுக்கு 25 என விதித்தது. ஓரணாவாக நான்கு முறை மாற்றியவர் 24 பைசாவே பெற்றார். சிறுகச் சிறுகக் கொடுத்து வாங்கும் ஏழைக்கே இவ்விழப்பு நேரும்.

கணிப்பொறியிலும் இதனைக் காணலாம். அங்கே எண்கள் இரண்டின் அடியில் அமைவன; வலப்புறம் ஓரிடம் தள்ளினால் எண் பாதியாகும். 13 ஆகிய 1101, 6 ஆகிய 110 ஆகிவிடும். கடையிலக்கம் விழுந்து மறையும். சுழற்றும் முறையோ, விழும் இலக்கத்தை மறுமுனையிற் சேர்த்துக் காக்கும். இரண்டும் ஒன்றெனக் கொண்டு ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைப்பின் கணக்குப் பிழைபடும்.

அணாவும் வீசமும் வழக்கொழிந்தன, இருகூறாக்குதல் ஒழியவில்லை. தோட்டங்களில் குறித்த அளவு கொழுந்து பறியாதவருக்கு ‘அரைப்பேர்’ இடும் வழக்கம் அதன் எச்சமே. முழுமைக்கும் அரைக்கும் இடைப்பட்ட உழைப்பு அங்கே விழும் கடையிலக்கம். ஆதலின், பழைய முறையை நீக்கிப் புதியது வகுப்போர் எளிமை ஒன்றையே நோக்குதல் போதாது. மாற்றத்தில் உதிரும் மிச்சம் யாருடையது என்பதையும் நோக்குதல் கடன்.