வீட்டுப் பட்டறையில் ஷேப்பர்

தச்சர் இழைப்புளியால் பலகையைச் சீவுவதை நாம் கண்டிருக்கிறோம். இழைப்புளி முன்னே செல்லும்போது மரத்தைச் சீவுகிறது. பின்னே வரும்போது வேலையின்றித் திரும்புகிறது. இரும்பையும் இவ்வாறே சீவ இயலும் என்று காட்டிய இயந்திரம் ஷேப்பர். ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் 1836ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். ‘நாஸ்மித்தின் எஃகுக் கை’ என்றும் இதனை அழைத்தனர். அதுவரை உளியாலும் அரத்தாலும் நெடுநேரம் உழைத்துச் சமன்செய்த சிறு உலோகப் பரப்புகளை இந்த எஃகுக் கை சீராகச் சீவித் தந்தது.

ஷேப்பரின் மேற்பகுதியில் ‘ராம்’ எனப்படும் கனத்த நீள்பகுதி முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அதன் முனையில் ஒற்றை முனை கொண்ட வெட்டுளி பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு வெட்டும் முடிந்து ராம் திரும்பியபின், வேலைப்பொருளைத் தாங்கிய மேசை மயிரிழையளவு பக்கவாட்டில் நகரும். இவ்வாறு கோட்டின் அருகே கோடாக வெட்டி, ஒரு பரப்பு உருவாகிறது. திரும்பும்போது வெட்டுளி பொருளின்மேல் அழுந்தி உராயாதிருக்க, கீல் வைத்த சிறு தட்டு அதனைச் சற்றே தூக்கிக்கொள்கிறது. ராமை இயக்கும் நெம்பின் அமைப்பும் வியப்புக்குரியது. வெட்டும் ஓட்டத்தைவிடத் திரும்பும் ஓட்டம் விரைவாக முடியுமாறு, பல ஷேப்பர்களில் ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்னும் கால அளவில் அது அமைக்கப்படுகிறது. வேலை நடவாத நேரத்தைக் குறைக்கும் இவ்வியக்கத்தை ‘விரைவுத் திரும்பு இயக்கம்’ என்பர்.

மில்லிங் இயந்திரத்தின் முறை வேறு. அங்கே சுழல்வது வெட்டி, நகர்வது பொருள். வெட்டியில் பல பற்கள் உண்டு. ஒரு பல் விட்ட இடத்தில் அடுத்த பல் வெட்டுவதால் வேலை விரைவாக முடிகிறது. இவ்விரைவே தொழிற்சாலைகளில் ஷேப்பரின் இடத்தை மில்லிங் இயந்திரத்திற்குப் பெற்றுத் தந்தது. ஒரே உறுப்பை ஆயிரக்கணக்கில் செய்யும் இடத்தில் நேரமே பணம். ஆகவே பல ஷேப்பர்கள் பழைய இரும்புக் கடைக்குச் சென்றன.

ஆயினும், ஓர் இயந்திரத்தின் மதிப்பை அது நிற்கும் இடமும் முடிவு செய்கிறது. தம் வீட்டின் பின்புறத்தில் சிறு பட்டறை வைத்து, ஓய்வுநேரத்தில் நீராவிப் பொறியின் மாதிரியையோ பழுதுபட்ட கருவிக்கு ஓர் உறுப்பையோ செய்பவருக்கு ஒருமணி நேரக் கூடுதல் உழைப்பு பெரிதன்று; வெட்டியின் விலையே பெரிது. மில்லிங் வெட்டி மழுங்கினால் அதன் எல்லாப் பற்களையும் ஒரே அளவில் தீட்டத் தனிக் கருவி வேண்டும். ஷேப்பரின் உளியோ அதிவேக எஃகுத் துண்டு ஒன்றுதான். சாதாரணச் சாணைக்கல்லில் அதனைத் தாமே தீட்டிக்கொள்ளலாம். பற்சக்கரப் பல்லின் இடைவெளி வடிவத்திலும் அதனைத் தீட்டலாம். சக்கரத் துளையின் உட்புறத்தில் சதுர மூலையுடன் கூடிய சாவிப்பள்ளம் வெட்டுவதில், சுழலும் வெட்டியைவிட ஷேப்பரே எளிதில் வெல்லும்.

எனவேதான் அமெரிக்காவில் அட்லஸ், சவுத் பெண்ட் ஆகிய நிறுவனங்கள் ஏழு அங்குல வீச்சுடைய சிறு ஷேப்பர்களை விற்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கையால் நெம்புகோலை இழுத்து இயக்கும் சிறு ஷேப்பர்களும் செய்யப்பட்டன. தனி மில்லிங் இயந்திரம் வாங்க இயலாதோர் கடைசல் இயந்திரத்தையே மில்லிங்கிற்குப் பயன்படுத்தினர். வெட்டியைச் சுழலும் தலைப்பகுதியில் பொருத்தி, மேலும் கீழும் நகரும் தாங்கியில் பொருளை இறுக்கிவிட்டால் சிறு வேலைகள் நடக்கும். ஆனால் மெலிந்த தாங்கி அதிர்ந்தால் பரப்பு வரிவரியாகிவிடும். ஆழமாக வெட்ட அவசரப்படுதல் கூடாது. ஷேப்பருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ராம் பின்புறமும் நீளுவதால் சுவரை ஒட்டி அதனை நிறுத்தலாகாது. ஓடும்போது அதன் முன்னே நிற்கவும் கூடாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஷேப்பர் நேராக வெட்டுவதற்கு ராம் ஓடும் தடம் நேராக இருத்தல் வேண்டும். அத்தடத்தை நேராக்கியது எது? வேறோர் இயந்திரம் என்றால், அதனை நேராக்கியது எது? இவ்வினாச் சங்கிலியின் முதற்கண்ணியில் மனிதக் கையே இருக்கிறது. நாஸ்மித்தைப் போலவே லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், மூன்று தட்டுகளைக் கொண்டு சமதளம் உண்டாக்கும் முறையைப் பரவச் செய்தார். இரண்டு தட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று குவிந்தும் மற்றொன்று குழிந்தும் இருந்தாலும் அவை சரியாகப் பொருந்திவிடும். மூன்றாவது தட்டு அந்த ஏமாற்றத்தை வெளிப்படுத்திவிடுகிறது. ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் பொருந்த வேண்டுமெனில் மூன்றும் சமதளமாகவே இருக்க முடியும். சாயம் தடவி ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டு உளியால் சிறிது சிறிதாக நீக்கி இந்நிலையை அடைவர். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பயிற்சி அரம் பிடிப்பதில் தொடங்குவதன் பொருளும் இதனால் விளங்கும்.

இந்தக் கைத்திறனை நம்பியே அமெரிக்கரான டேவிட் ஜிஞ்சரி 1980 முதல் ஏழு நூல்கள் அடங்கிய தொடரை எழுதினார். பழைய உலோகத்திலிருந்து ஒரு பட்டறையையே உருவாக்கிக்கொள்ளும் வழியை அவை கற்பிக்கின்றன. முதல் நூல் கரி உலையைப் பற்றியது. அதில் பழைய அலுமினியத்தை உருக்கி, மரத்தால் செய்த மாதிரிகளைக் கொண்டு மணல் அச்சில் வார்க்கிறார். இரண்டாம் நூலில் அவ்வார்ப்புகள் கடைசல் இயந்திரமாகின்றன. அதன் பரப்புகளைச் சமன்செய்வது கைச்சுரண்டலே. மூன்றாம் நூல் ஷேப்பரைச் செய்யக் கற்பிக்கிறது. மில்லிங் இயந்திரம் நான்காவதாகத்தான் வருகிறது. அதனைச் செய்யத் தொடங்கும் வாசகரின் பட்டறையில், அவரே வார்த்துச் செய்த கடைசல் இயந்திரமும் ஷேப்பரும் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும்.