பழைய காரும் குளிர்ந்த காற்றும்

குளிர் என்பது தனிப்பொருள் அன்று. வெப்பம் நீங்கிய நிலைக்கே குளிர் என்று பெயர். பள்ளியிலே பயின்ற இச்சிறு உண்மையை நம்மிற் பலர் பரீட்சை முடிந்த அன்றே மறந்துவிடுகிறோம். மறதியின் விலையைப் பழைய காரின் குளிரூட்டி பழுதுபடும்போது கொடுக்கிறோம். "காஸ் முடிந்துவிட்டது, அடித்தாற் சரி" என்று யாரேனும் சொன்னதும் தலையசைத்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். பெற்றோலைப் போலக் குளிரூட்டும் வாயுவும் எரிந்து தீருமென்பது நமது எண்ணம். உண்மையில், மூடிய குழாய்களுக்குள் ஓயாது சுற்றிவருவதே அதன் தொழில். அது ஆண்டுதோறும் குறைகிறதென்றால் எங்கோ ஒழுக்கு உண்டென்பதே பொருள்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் முப்பது வயதைக் கடந்த கார்களுக்கும் மதிப்பு ஏறிற்று. 1991இல் ஜப்பானில் உருவான என் காரும் அவ்வகையைச் சேர்ந்தது. என்னிடம் வந்தபோதே அதன் குளிரூட்டி வெறுமையாக இருந்தது. சித்திரை வெயிலில் முதிய தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டிய எனக்கு அது ஆடம்பரமாகத் தோன்றவில்லை. அயலில் வசிக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் யோசனை கேட்டேன். "மாஸ்ரர், ஒழுக்கைப் பிடிக்காமல் காஸ் அடிக்கிறது ஓட்டைக் குடத்திலை தண்ணி வார்க்கிற மாதிரி. இருங்கோ, சேர்ந்து பார்ப்பம்" என்றார் அவர்.

குளிரூட்டியின் இயக்கம் எளியது. எஞ்சினால் சுழற்றப்படும் அமுக்கி, வாயுவை நெருக்கிச் சூடாக்குகிறது. றேடியேற்றருக்கு முன்னாலுள்ள ஒடுக்கியில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பின் உலர்த்தியைக் கடந்து, ஊசித்துளை போன்ற விரிவு வால்விற் புகுந்து, அமுக்கம் திடீரெனத் தளர, ஆவியாக்கியிலே கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காரின் உட்காற்றிலிருந்தே உறிஞ்சுகிறது. நெற்றியில் தடவிய ஓடிக்கொலோன் உலரும்போது நாம் உணரும் குளிர்ச்சியும் இத்தகையதே.

என் காரின் மூடிக்கடியில் ஒட்டப்பட்டிருந்த தாளில் "ஆர்-12, 700 கிராம்" என்றிருந்தது. அந்த ஆர்-12க்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலக் குளிர்ப்பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு முதலிய நச்சு வாயுக்களே இருந்தன. 1928இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவரது தோழர்களும், நஞ்சற்றதும் தீப்பற்றாததுமான குளோரோபுளோரோகாபன்களை இப்பணிக்கெனத் தேர்ந்தெடுத்தனர். உலகம் அதை வரமென்று கொண்டாடியது. 1974இல் மொலினா, றோலண்ட் என்னும் விஞ்ஞானிகள், அவ்வாயு அழியாமல் மேல்வளிமண்டலம் வரை சென்று, அங்கே சிதைந்து குளோரீனை விடுவித்து, ஓசோனை அழிக்குமென்று எச்சரித்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் வானில் ஓசோன் பெருமளவு குறைந்துவிட்டமை தெரியவந்தது. 1987இல் மொன்றியல் உடன்பாடு எழுந்தது. 1989இல் இலங்கையும் அதில் இணைந்தது. நஞ்சற்றது என்பதாலேயே அச்சமின்றி வெளியே விடப்பட்ட வாயு வானத்துக்கு நஞ்சாயிற்று!

எனவே ஆர்-12க்குப் பதிலாக, குளோரீன் இல்லாத ஆர்-134ஏ வாயுவுக்குக் காரை மாற்றுவதென்று முடிவுசெய்தோம். முதல் வேலை ஒழுக்கைத் தேடுவது. வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும்; எண்ணெயில் தூசி படியும். அமுக்கியோடு குழாய் சேரும் மூட்டொன்றில் கரிய பிசுக்கைக் கண்டோம். உலர்ந்த நைதரசனைக் கட்டுப்படுத்தியின் வழியே அளவாக ஏற்றிச் சவர்க்கார நீரைப் பூசியபோது, அங்கேயே குமிழிகள் பூத்தன. இச்சோதனைக்கு ஒட்சிசனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். பழுதுபட்டிருந்தது ஒரு சிறு இறப்பர் வளையமே. ஆயினும் எல்லா மூட்டுக்களின் வளையங்களையும் புதிய வாயுவுக்கு ஏற்ற பச்சை நிற வளையங்களாக மாற்றினோம். ஆர்-134ஏ பழைய கனிய எண்ணெயோடு கலவாது. ஆகவே அதை வடித்து எசுத்தர் எண்ணெய் வார்த்தோம். ஈரத்தைக் குடித்துக் களைத்த உலர்த்தியையும் புதுப்பித்தோம்.

அடுத்தது வெற்றிடமாக்கல். பலர் தவிர்க்கும் வேலை இதுவே. நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவு. ஆதலால் அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. அமுக்கத்தை வளிமண்டலத்தின் இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் 30 பாகையிலேயே கொதித்துவிடும். பம்பு முக்கால் மணி நேரம் ஓடியபோது குழாய்களிலிருந்த ஈரம் ஆவியாகி வெளியேறிற்று. ஈரம் எஞ்சினால் விரிவு வால்விற் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். பம்பை மூடி அரைமணி நேரம் காத்திருந்தோம். மானியின் முள் அசையவில்லை. ஒழுக்கு நின்றது.

பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, தாழமுக்கப் பக்கத்தின் வழியாக மட்டும், கலனை நிமிர்த்திப் பிடித்து, வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். உயரமுக்கப் பக்கத்தைத் திறந்தால் கலனே வெடிக்கக்கூடும். திரவம் கண்ணிலோ கையிலோ பட்டால் உறைபுண் உண்டாகும். கண்ணாடியும் கையுறையும் இன்றியமையாதவை. பழைய அளவில் ஐந்தில் நான்கு பங்கே போதும் என்பதால், தராசில் நிறுத்து 560 கிராமோடு நிறுத்தினோம். வெளியே 32 பாகை வெயில். காற்று வாயிலில் வைத்த வெப்பமானி 9 பாகை காட்டிற்று.

ஒரு சொல் எச்சரிக்கை. பழைய குளிரூட்டியில் வாயு மிஞ்சியிருந்தால் வீட்டில் மூட்டைக் கழற்றலாகாது. அதை மீட்டெடுக்கும் இயந்திரமுள்ள கராஜுக்கே முதலிற் கொண்டுசெல்லவேண்டும். சமையல் வாயுவை அடைத்து ஓடுவோரும் உளர். அது தீயைக் காருக்குள் ஏற்றிச் செல்வதற்கு ஒப்பாகும்.

புதிய வாயுவும் குற்றமற்றதன்று. ஓசோனை அது தீண்டாது; ஆனால் புவியை வெப்பமாக்குவதில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. அதனாலேயே 2016இல் கிகாலியில் அதனையும் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் உடன்பட்டன. என் காரிலுள்ள 560 கிராமும் வெளியேறினால், அது ஏறத்தாழ 800 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகும். ஆண்டுதோறும் ஒழுகவிட்டு ஆண்டுதோறும் நிரப்பும் கார்கள் எத்தனையோ! சிறிய ஓர் இறப்பர் வளையத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை நமக்கு வேண்டும். நம் பணத்தையும் பிள்ளைகளின் வானத்தையும் காப்பது அப்பொறுமையே. பௌதிக வகுப்பில் மறைவெப்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், நிற்கும் காரொன்றின் மூடியைத் திறந்து ஒருநாள் அப்பாடத்தை நடத்திப் பார்ப்பார்களாக.