இலவச வேர்ட்பிரஸ்: வரவும் செலவும்



கடைக்கு இணையதளம் வேண்டும் என்று விசாரித்தால் முதலில் காதில் விழும் பெயர் வேர்ட்பிரஸ். "அது இலவசம்" என்றும் சேர்த்தே சொல்வார்கள். எது இலவசம், எதற்குக் காசு என்று தெரிந்துகொண்டு இறங்குவதே வியாபாரிக்கு அழகு.

வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் அமைக்க உதவும் மென்பொருள். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் 2003-இல் தொடங்கியது. இன்று உலகிலுள்ள இணையதளங்களில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு இதில்தான் இயங்குகின்றன. இதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். உரிமத் தொகை கிடையாது.

நன்மைகள்

ஷாப்பிஃபை போன்ற சேவைகள் வாடகைக் கடை மாதிரி. வாடகை நின்றால் கடை மூடப்படும். வேர்ட்பிரஸில் சரக்குப் பட்டியல், படங்கள், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் நம் கையில் இருக்கும். தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் சரியில்லை என்றால், மொத்தத்தையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வூகாமர்ஸ் என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால் விலை, இருப்பு, வரி, ஆர்டர் அனைத்தையும் அதிலேயே கவனிக்கலாம். தமிழிலும் தளம் நடத்தலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் நிறைய இருப்பதால், ஒருவர் விட்டுப்போனாலும் இன்னொருவரை வைத்துத் தொடரலாம்.

குறைகள்

மென்பொருள் மட்டுமே இலவசம். டொமைன் எனப்படும் இணைய முகவரிக்கும் ஹோஸ்டிங்குக்கும் காலந்தோறும் பணம் கட்ட வேண்டும். வடிவமைப்பவருக்குக் கூலி உண்டு. இணையவழிப் பணம் பெற்றுத்தரும் நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு.

அடுத்தது பாதுகாப்பு. பிளக்-இன் எனப்படும் இணைப்புகளைப் பெரும்பாலும் வெளியார் எழுதுகிறார்கள். எழுதியவர் கைவிட்டால் அதிலுள்ள ஓட்டை அடைபடாது. திருடர்கள் அதன் வழியாகத்தான் நுழைகிறார்கள். ஆகவே புதுப்பிப்புகளைத் தவறாமல் செய்ய வேண்டும். செய்யும்முன் முழுத் தளத்துக்கும் நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். பழுதானால் பொறுப்பேற்க ஒரு கம்பெனி இல்லை. நாம்தான் ஆள் தேட வேண்டும்.

மளிகைக்காரருக்கு இன்னொரு சிரமமும் உண்டு. பருப்பு, எண்ணெய், பூண்டு விலை நாளுக்கு நாள் மாறும். தளத்தில் பழைய விலை நின்றால் வாடிக்கையாளரிடம் வம்பு வரும். தினமும் விலை திருத்த ஓர் ஆள் இல்லாவிட்டால் இணையக்கடை வேண்டாம். தெருவளவில் வியாபாரம் செய்பவருக்கு வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள சரக்குப் பட்டியலே போதும். வெளியூருக்கு மசாலா, அப்பளம், சிறுதானியம் அனுப்புபவருக்கும், பல கடைகளுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரிக்கும் வேர்ட்பிரஸ் பொருந்தும்.

முக்கியமான எச்சரிக்கை

டொமைன், ஹோஸ்டிங், நிர்வாகக் கடவுச்சொல் மூன்றும் உங்கள் பெயரிலும், உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். வடிவமைப்பவர் பெயரில் டொமைன் பதிவானால், கடை உங்களுடையது, பத்திரம் அவருடையது என்றாகிவிடும். கெடு தவறிப் புதுப்பிக்காமல் விட்டால் வேறொருவர் அந்தப் பெயரை வாங்கிவிடவும் கூடும். வேலைக்கு முன்பணம் கொடுக்கும்போதே இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லாச் சாவியைப் பிறரிடம் கொடுத்துவிட்டு யாரும் கடை நடத்துவதில்லை. இணையக்கடைக்கும் அதே முறைதான்.