சுற்றிலும் காடு, காட்டுமாடு ஏன் தோட்டத்துக்கு வருது?



மேல்மலையில் எந்தக் குழுவுக்குப் போனாலும் முதல் பேச்சு இதுதான். "ராத்திரி காட்டுமாடு இறங்கி கேரட்டை மேஞ்சிருச்சு. சுத்தி இவ்வளவு பச்சையா காடு இருக்கே, அதுக்கு அங்க என்ன குறைச்சல்?" நல்ல கேள்விதான்.

பதில் வெயிலில் இருந்து ஆரம்பிக்குது. வெயிலைச் சாப்பாடாக மாற்றுகிற வித்தை செடிகொடிகளுக்குத்தான் தெரியும். அதனால் அவை உற்பத்தியாளர்கள். புல்லைத் தின்னும் காட்டுமாடும் கடமானும் நுகர்வோர். அவற்றை அடித்துத் தின்னும் செந்நாய் அடுத்த படி.

நம்ம கணக்கில் சொன்னால், புல்லில் 1000 ரூபாய்க்குச் சக்தி இருந்தால், மாட்டின் உடம்பில் சேருவது சுமார் 100 ரூபாய்தான். மீதி நடக்க, மூச்சு விட, உடம்புச் சூட்டுக்கு, சாணமாக என்று போய்விடும். செந்நாய்க்கு எட்டுவது 10 ரூபாய். (இது தோராயம்தான், இடத்துக்கு இடம் கூடும், குறையும்.) அதனால்தான் மாடு மந்தையா இருக்கு, செந்நாய் கொஞ்சமா இருக்கு.

குழுக் கடன் மாதிரி இந்தச் சக்தி சுற்றித் திரும்பி வராது. விறகு எரிந்த சாம்பல் தோட்டத்துக்கு உரமாகும். அடுப்பில் போன சூடு திரும்புமா? தினமும் புது வெயில்தான் வேணும், அதைப் பிடிக்கப் புல் வேணும்.

அந்தப் புல்தான் போச்சு. பழனிமலையின் மேல்பகுதியில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வு சொல்லுது. அந்த இடத்தில் வாட்டில், பைன், தைல மரம், கொஞ்சம் விவசாயம். வாட்டிலும் அதே வெயிலைத்தான் பிடிக்குது. ஆனா அதைக் கட்டையிலும் பட்டையிலும் பூட்டி வைக்குது. கட்டையை மாடு தின்ன முடியுமா? நிழலில் புல்லும் சரியா வராது. பார்க்கப் பச்சைதான், மாட்டுக்குப் பந்தியில் சோறு இல்லை. பக்கத்துலயே உரம் போட்ட முட்டைக்கோஸ் பாத்தி இருந்தா வராம என்ன செய்யும்?

அதுக்காகக் கிட்டப் போய்க் கல்லெறியாதீங்க. ஓர் ஆண் காட்டுமாடு 800 கிலோகூட இருக்கும். விடியறதுக்கு முன்னாடி தனியா விறகுக்குப் போக வேண்டாம். வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்க.

வாட்டிலை வெட்டிட்டா புல் தானா வந்துடும்னும் நினைக்க வேண்டாம். அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் கிடந்து, வெட்டின இடத்தில் கூட்டமா முளைக்கும். நம்ம பட்டா நிலத்து ஓரத்தில் கன்று தெரிந்தால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கிடலாம். இடுப்பு உயரம் வந்துட்டா அரிவாள் தேடணும்.