பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளின் இயக்கத் திறன் வளர்ச்சி

பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளின் இயக்கத் திறன் வளர்ச்சி என்பது, பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ பார்வையை முழுமையாக அல்லது பகுதியாக இழந்த குழந்தைகள் தலை நிமிர்த்தல், தவழ்தல், நடத்தல், ஓடுதல், எறிதல், பிடித்தல் முதலிய உடலியக்கங்களைக் கற்றுக்கொள்ளும் முறையைக் குறிக்கும். இக்குழந்தைகளில் பலர் இவ்வியக்கங்களைப் பார்வையுள்ள குழந்தைகளை விடக் காலந்தாழ்த்தியே அடைகின்றனர். எனினும், கண்ணில் மட்டும் குறைபாடுள்ள குழந்தையின் எலும்புகளிலோ தசைகளிலோ பொதுவாகப் பிறவிக் குறை ஏதும் இருப்பதில்லை. அசைவதற்கான தூண்டுதலும் வாய்ப்பும் குறைவாகக் கிடைப்பதே தாமதத்தின் முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே இத்தாமதத்தில் கணிசமான பகுதி, தகுந்த வளர்ப்பு முறையாலும் உடற்பயிற்சியாலும் ஈடுசெய்யக்கூடியது.

பார்வையும் இயக்கமும்

பார்வையுள்ள கைக்குழந்தை அசைவதற்கு ஓயாத அழைப்பாக அமைவது அதன் கண்ணில் படும் உலகமே. தாயின் முகம், தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மை, சற்றுத் தொலைவில் உருளும் பந்து ஆகியவை குழந்தையைத் தலை தூக்கவும், கை நீட்டவும், நகரவும் தூண்டுகின்றன. தன் கைகளைத் தானே பார்த்து விளையாடும் மூன்று, நான்கு மாதக் குழந்தை, கை எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. பிறர் நடப்பதையும் குதிப்பதையும் கண்டு போலச்செய்வதும் பார்வையின் வழியே நிகழ்கிறது.

உடற்சமநிலையிலும் பார்வைக்குப் பெரும் பங்கு உண்டு. உட்செவியின் சமநிலை உறுப்பு, தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு, பார்வை ஆகிய மூன்றும் இணைந்தே உடலை நிலைநிறுத்துகின்றன. கண்களை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க முயல்பவர் எவரும் இதை உடனே உணரலாம். பிறவியிலேயே பார்வையற்ற குழந்தை மற்ற இரண்டு உணர்வுகளை மட்டும் கொண்டு சமநிலையைக் கற்க வேண்டியுள்ளது. இவ்விரண்டும் அசைவின் மூலமே கூர்மையடைபவை. அசைவு குறைந்தால் இவற்றின் பயிற்சியும் குறைகிறது.

கைக்குழந்தைப் பருவம்

இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செல்மா ஃபிரைபர்க் என்னும் உளவியலாளர் நடத்திய ஆய்வாகும். பிறவியிலேயே பார்வையற்ற, வேறு குறைபாடு இல்லாத பத்துக் குழந்தைகளை அவரது குழுவினர் அவர்களது வீடுகளுக்கே சென்று தொடர்ந்து கவனித்தனர். பெற்றோருக்கு வழிகாட்டலும் அளித்தனர். ஆய்வின் முடிவுகள் 1977-இல் நூலாக வெளிவந்தன.

இம்முடிவுகளில் ஒரு வியப்பான ஒழுங்கு காணப்பட்டது. இருந்த இடத்திலேயே நிகழும் திறன்கள் அதிகம் தாமதமாகவில்லை. பிடிமானமின்றித் தனியே நிற்பதைப் பார்வையுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 11 மாதங்களிலும், ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 13 மாதங்களிலும் அடைந்தனர். ஆனால் தானாக இடம்பெயரும் திறன்களில் இடைவெளி பெரிதாக இருந்தது. அறையின் குறுக்கே தனியே நடப்பது முன்னவருக்கு ஏறத்தாழ 12 மாதங்களிலும், பின்னவருக்கு ஏறத்தாழ 19 மாதங்களிலும் கைகூடியது. நிற்கும் வலிமை வந்த பின்னரும் குழந்தை மாதக்கணக்கில் நடக்காமல் இருந்ததற்குத் தசை வலிமையின்மையைக் காரணமாகக் கூற இயலாது. நடந்து சென்று அடைய வேண்டிய பொருள் ஒன்று அங்கே இருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரியவில்லை என்பதே ஃபிரைபர்க் அளித்த விளக்கம்.

பார்வை இல்லாவிட்டாலும் ஒலி அழைக்குமே என்ற கேள்வி இயல்பாக எழும். இங்குதான் பெற்றோர் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். கிலுகிலுப்பையை ஆட்டினால் ஐந்து மாதப் பார்வையற்ற குழந்தை அதைக் கேட்டு அசைவற்றுக் கிடக்கும்; கை நீட்டாது. குழந்தைக்கு ஆர்வமில்லை, அல்லது அறிவு வளர்ச்சி குன்றியுள்ளது என்று இது தவறாகப் பொருள்கொள்ளப்படுவதுண்டு. உண்மையில் அக்குழந்தை உற்றுக் கேட்கிறது. ஒலி என்பது கையால் பற்றக்கூடிய ஒரு பொருளிலிருந்து வருகிறது என்ற இணைப்பு மட்டுமே அதன் மனத்தில் இன்னும் உருவாகவில்லை. பார்வையுள்ள குழந்தைக்கு இந்த இணைப்பைக் கண் உருவாக்கித் தருகிறது. பார்வையற்ற குழந்தை, பொருளைத் தொட்டும் கேட்டும் பலமுறை பழகிய பின்னர், முதலாண்டின் பிற்பகுதியில்தான் ஒலியை நோக்கிக் கை நீட்டத் தொடங்குகிறது. ஃபிரைபர்க்கின் ஆய்வில், ஒலியை நோக்கிக் கை நீட்டத் தொடங்கும் முன் எந்தக் குழந்தையும் தவழவில்லை.

குப்புறப் படுத்திருக்கும் நிலை தனிக் கவனத்துக்கு உரியது. பிள்ளைத்தமிழ் நூல்கள் செங்கீரைப் பருவம் என்று பாடும் நிலையில், குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. கழுத்து, தோள், முதுகுத் தசைகள் வலுப்பெறுவது இந்நிலையில்தான். தலையைத் தூக்கினால் காண்பதற்கு ஏதும் இல்லாத குழந்தை, குப்புறப் படுக்கவே விரும்புவதில்லை. மல்லாந்து கிடப்பதையே நாடுகிறது. அழுகைக்கு இரங்கி அதை அப்படியே விட்டுவிட்டால், தவழ்தலுக்குத் தேவையான தசைகள் பயிற்சி பெறுவதில்லை. பெற்றோர் மல்லாந்து படுத்து, குழந்தையைத் தம் மார்பின் மீது குப்புறக் கிடத்திப் பேசுவது இதற்கு எளிய மாற்று வழியாகும். முகத்தைத் தொடுவதற்காகவும் குரலைத் தேடியும் குழந்தை தலையைத் தூக்கும்.

டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் (1926–2013) இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வைக் கண்டார். குழந்தையைச் சுற்றிலும் மேலும் சிறு பெட்டி போன்ற தடுப்புகளை அமைத்து, அவற்றில் கரண்டி, மணி, தூரிகை, மணிமாலை போன்ற பொருட்களைத் தொங்கவிட்டார். இவ்வமைப்பு 'சிற்றறை' எனப்படுகிறது. தற்செயலாக அசையும் கை ஒரு பொருளில் படுகிறது; ஒலி எழுகிறது; மீண்டும் கை அசைகிறது. பொருட்கள் இடம் மாறாமல் இருப்பதால், தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை குழந்தைக்கு உண்டாகிறது. பெரியவர் ஒருவர் பொருளைக் கையில் திணித்துவிட்டுப் பின் எடுத்துக்கொள்வதிலிருந்து இது முற்றிலும் வேறானது.

நடையும் உடல் நிலையும்

நடக்கத் தொடங்கிய பின்னர், கால்களை அகற்றி வைத்தல், பாதங்களை வெளிப்புறம் திருப்புதல், காலைத் தூக்காமல் தேய்த்து நடத்தல், தலை கவிழ்ந்திருத்தல், தோள்கள் முன்வளைதல் ஆகியவை பல குழந்தைகளிடம் காணப்படுகின்றன. இவற்றுள் சில காரணத்துடன் கூடியவை. அகன்ற கால்கள் சமநிலையைக் கூட்டுகின்றன. தேய்த்து நடக்கும் பாதம் தரையின் மேடு பள்ளத்தை முன்னரே அறிகிறது. தடுமாற்றத்துக்கு எதிரான இத்தற்காப்பு நீண்ட காலம் நீடித்தால் முதுகு வளைவுக்கும் விரைவான களைப்புக்கும் இட்டுச்செல்லக்கூடும். உடலை முன்னும் பின்னும் ஆட்டுதல், கண்களை விரலால் அழுத்துதல் முதலிய பழக்கங்களும் சிலரிடம் உண்டு. ஊஞ்சல், ஓட்டம், குதித்தல் போன்ற வேறு அசைவுகளுக்கு வழி செய்து தருவது, கண்டிப்பதை விடப் பயன் தரும்.

நுண் இயக்கத் திறன்களில் விரல்களின் வலிமையும் இரு கைகளின் ஒத்துழைப்பும் முதன்மையானவை. பிரெய்லி எழுத்தைப் பழகுவதற்கு இவை அடிப்படையாகும். மாவு பிசைதல், பட்டாணி உரித்தல், பொத்தான் மாட்டுதல் ஆகிய வீட்டு வேலைகளே இதற்குப் போதுமான பயிற்சி தருகின்றன.

குறைபாட்டின் அளவு

பார்வைக் குறைபாடுள்ளோர் என வகைப்படுத்தப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும். ஒளியின் திசையை மட்டும் அறியும் குழந்தைக்கும் சன்னல் எங்கிருக்கிறது என்பது தெரியும்; அதுவே அது திசையறிய உதவும். பொதுவாக, எஞ்சிய பார்வை கூடக்கூட இயக்கத் தாமதம் குறைகிறது. பந்தைப் பிடித்தல், அடித்தல், உதைத்தல் போன்ற திறன்களில்தான் குறைபார்வையுடைய பள்ளிச் சிறுவர்களும் மிகவும் பின்தங்குகின்றனர். மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்ட குழந்தைகளிலும், குறைமாதத்தில் பிறந்து விழித்திரை பாதிக்கப்பட்ட குழந்தைகளில் சிலரிடமும், இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளும் பாதிப்புற்றிருக்கலாம். இவர்களைக் கண் குறைபாடு மட்டும் உள்ளவர்களோடு ஒப்பிடுவது பொருந்தாது.

அளவு மீறிய பாதுகாப்பு

சார்லசு புயெல் என்ற அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர், தாமே பார்வைக் குறைபாடு உடையவர். 1950-இல் வெளியான அவரது ஆய்வு, பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களின் ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றை அளந்தது. அதில் கிடைத்த ஒரு முடிவு இன்றும் நினைவுகூரப்படுகிறது. பெற்றோரால் அளவுக்கு மீறிப் பாதுகாக்கப்பட்ட குழந்தைகள், கவனிப்பின்றி விடப்பட்ட குழந்தைகளை விடக் குறைந்த மதிப்பெண்களே பெற்றனர். கவனிப்பின்மை நல்லது என்பது இதன் பொருளன்று. தெருவில் தன்போக்கில் விடப்பட்ட குழந்தை விழுந்தும் எழுந்தும் ஓடக் கற்றது. மடியை விட்டு இறக்கப்படாத குழந்தைக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

இந்தப் பாதுகாப்பு வீட்டோடு நிற்பதில்லை. பொதுப் பள்ளிகளில் பயிலும் பார்வையற்ற மாணவர்கள் விளையாட்டு வேளையில் வகுப்பறையிலேயே அமர்த்தப்படுவதும், மதிப்பெண் குறிக்கும் பணி கொடுத்து ஓரத்தில் நிறுத்தப்படுவதும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அடிபட்டுவிடும் என்ற அச்சமும், கற்பிக்கும் முறையை ஆசிரியர் அறியாமையும் இதற்குக் காரணங்களாகும். அசையாத குழந்தைக்கு உடல்வலிமை குறைகிறது; வலிமை குறைந்த குழந்தை விளையாட்டில் தோற்கிறது; தோற்கும் குழந்தை விளையாட்டிலிருந்து தானே விலகுகிறது.

கற்பித்தல் முறைகள்

ஓர் இயக்கத்தைச் செய்து காட்டுவது பார்வையற்ற மாணவனுக்குப் பயனளிக்காது. எனவே ஆசிரியர் இயக்கத்தைச் செய்யும்போது மாணவன் அவரது உடலைத் தொட்டு அறிதல், மாணவனின் கை கால்களை ஆசிரியர் மென்மையாக வழிநடத்தல், துல்லியமான சொற்களால் விளக்குதல் ஆகிய மூன்றும் தேவைக்கேற்பக் கையாளப்படுகின்றன. "இப்படி வை", "அங்கே போ" என்பன பொருளற்ற கட்டளைகள். "வலது காலை ஓரடி முன்னால் வை" என்பதே தெளிவானது. தொடுவதற்கு முன் மாணவனிடம் சொல்வது அடிப்படை மரியாதை. திடுக்கிடலையும் அது தவிர்க்கும்.

மணி அல்லது மின்னொலி எழுப்பும் பந்துகள், குறைபார்வையுடையோருக்கு அடர்நிறப் பந்துகள், தொட்டறியக் கயிறு பதித்த எல்லைக் கோடுகள் ஆகியவை வழக்கமான கருவிகளாகும். ஓடுவதற்கு, இரு கம்பங்களுக்கு இடையே இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டிய கயிற்றில் வளையம் ஒன்றைக் கோத்து, அதைப் பிடித்துக்கொண்டு ஓடச் செய்யலாம். செலவு மிகக் குறைவு. மாணவன் தன் முழு வேகத்தில் தனியே ஓடும் அனுபவத்தைப் பெறுவது இதன் சிறப்பு. துணை ஓட்டக்காரருடன் ஒரு குறுங்கயிற்றைப் பற்றி ஓடுவது மற்றொரு முறையாகும். இணை ஒலிம்பிக்கிலும் இதுவே பின்பற்றப்படுகிறது.

தனியே நடமாடுவதற்கான நீண்ட கைத்தடி முறையை, இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக ரிச்சர்டு ஊவர் 1940-களில் அமெரிக்காவில் உருவாக்கினார். நெடுங்காலம் வளர்ந்த மாணவர்களுக்கே கற்பிக்கப்பட்ட இம்முறை, இப்போது பள்ளி முன்பருவக் குழந்தைகளுக்கும் கற்பிக்கப்படுகிறது. நாவால் சொடுக்கொலி எழுப்பி அதன் எதிரொலியால் தடைகளை அறியும் முறையும் உண்டு. கைக்குழந்தைப் பருவத்திலேயே புற்றுநோயால் இரு கண்களையும் இழந்த அமெரிக்கரான டேனியல் கிசு, இதைத் தானே கற்றுக்கொண்டு பிறருக்கும் கற்பித்தவர்.

விளையாட்டுகள்

கோல்பால், பார்வையற்றோருக்கென்றே உருவாக்கப்பட்ட விளையாட்டு. போரில் பார்வையிழந்தோரின் மறுவாழ்வுக்காக 1946-இல் தொடங்கப்பட்டது; 1976 முதல் இணை ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக உள்ளது. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள உள்ளரங்கில், அணிக்கு மூவர், 1.25 கிலோகிராம் எடையுள்ள மணிப்பந்தை உருட்டி எறிகின்றனர். அனைவரும் கண்மறைப்பு அணிவதால் எஞ்சிய பார்வையின் வேறுபாடு பொருட்படுத்தப்படுவதில்லை. ஆட்டத்தின்போது பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும்.

தெற்காசியாவில் மிகவும் பரவியுள்ளது பார்வையற்றோர் துடுப்பாட்டம். இதன் முதல் உலகக் கோப்பை 1998-இல் புது தில்லியில் நடைபெற்றது, தென்னாப்பிரிக்கா வென்றது. உலோகக் குண்டுகள் அடங்கிய நெகிழிப் பந்து, கையைத் தாழ்த்தித் தரையோடு ஒட்டி வீசப்படுகிறது. முழுப் பார்வையின்மை உடையோர் அணியில் குறைந்தது நால்வர் இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டங்கள் இருமடங்காகக் கணக்கிடப்படும். இவ்விதி, முழுப் பார்வையற்ற சிறுவனும் அணியில் வேண்டப்படுபவனாக இருப்பதை உறுதிசெய்கிறது.

நியூயார்க்கு மாநிலத்தின் பிராக்போர்ட்டில் 1996-இல் லாரன் லீபர்மேன் தொடங்கிய விளையாட்டு முகாம், ஒரு மாணவருக்கு ஒரு பயிற்சியாளர் என்ற முறையைப் பின்பற்றுகிறது. இம்முறை பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது.

மருத்துவக் கவனம்

பார்வையின்மை பொதுவாக உடற்பயிற்சிக்குத் தடையன்று. ஆனால் அதற்குக் காரணமான சில கண் நோய்களில் எச்சரிக்கை தேவை. விழித்திரை விலகும் வாய்ப்புள்ளோரும், கடுமையான கிட்டப்பார்வை உடையோரும் தலையில் அடிபடக்கூடிய ஆட்டங்களையும் உயரத்திலிருந்து குதிப்பதையும் தவிர்க்க வேண்டியிருக்கலாம். கண் அழுத்த நோய் உள்ளோருக்குத் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் கண்ணின் உள்ளழுத்தத்தை மேலும் கூட்டும். எந்தெந்தச் செயல்கள் கூடாது என்பதைக் கண் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டறிவது நல்லது. "விளையாடக் கூடாது" என்ற பொதுவான குறிப்பு, நீச்சலையும் நடையையும்கூடத் தேவையின்றித் தடுத்துவிடுகிறது.

பரிந்துரைகளும் சட்டமும்

உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபடப் பரிந்துரைக்கிறது. மாற்றுத்திறன் உடைய சிறுவர்களுக்கும் இதே அளவே கூறப்பட்டுள்ளது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் இம்மாணவர்களுக்குப் பிறருக்குச் சமமான விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளை வழங்க வேண்டும் என வகைசெய்கிறது.